தாம்பாளத்தில் போன கிராபிக்ஸ் கார்டு

மொக்கச்சாமி வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று பதினான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு தீர்மானம் நிறைவேற்றினேன். முன்மொழிந்தவன் நான். வழிமொழிந்தவனும் நான். எதிர்ப்பு ஒன்றே ஒன்றுதான். அது அடுப்படியிலிருந்து வந்ததால் குறிப்பேட்டில் ஏறவில்லை.

மொக்கச்சாமி என் மனைவி சுருளியம்மாளின் அண்ணன். ஏலத்தோட்டத் தொழிலாளர் கூலி உயர்வுக்காக நாங்கள் போடிமெட்டுச் சாலையில் படுத்து மறித்தபோது, தோட்ட வேலைக்கு ஜீப்பு நிறைய ஆள் ஏற்றிக்கொண்டு வந்தவர். ஹாரன் அடித்தார். தோழர்கள் எழுந்து வழிவிட்டார்கள். நான் மட்டும் எழவில்லை. கொள்கை பாதி, கால் மரத்துப்போனது பாதி. என்னைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். வரலாறு அதை மன்னித்தாலும் நான் மன்னிப்பதாக இல்லை.

பிறகு அவர் ஜீப்பை விற்றுவிட்டு, வீட்டின் முன்பக்கத்திலேயே கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்தார். ஏலக்காய் வியாபாரிகள் எல்லோரும் அவர் காலடியில். கருங்காலிகளுக்கு எப்போதுமே கைராசி உண்டு.

இப்போது என் மகள் அருணாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஊர் சிலமலை. பத்திரிகை வாசகத்தை நானே எழுதினேன். நாற்பது ஆண்டு துண்டறிக்கை எழுதிய கை. அதில் தாய்மாமன் பெயர் இல்லை.

"எங்கண்ணன் பேரு எங்க?" என்றாள் சுருளியம்மாள்.

"கருங்காலிக்கு என் அறிக்கையில இடமில்ல."

"இது அறிக்கையில்ல. கல்யாணப் பத்திரிகை. அண்ணன் பேரும் இருக்கணும், நீங்க தட்டெடுத்துப் போயி அழைக்கவும் வேணும்."

"நாப்பது வருசமா எழுதுறவன்டி நான்."

"நாப்பது வருசமா எழுதி யாரு திருந்துனா? நம்ம தெரு கொசுவாவது பயந்துச்சா?"

அருணா வீட்டிலிருந்தே பிளக்ஸ் போர்டு வரைகிறவள். காதுகுத்துக் குழந்தை முதல் கட்சிக்காரர் வரை போடியில் பெரிதாகச் சிரிக்கும் முகமெல்லாம் அவள் கைவேலை. அவளுடைய கம்ப்யூட்டர் படம் பெரிதானால் திணறுகிறது என்று புது கிராபிக்ஸ் கார்டு வாங்கியிருந்தாள். ஜவுளி எடுக்கத் தேனிக்குக் கிளம்பும்போது, "தொடாதீங்கப்பா, மாமா வந்து மாட்டித் தருவாக" என்றாள்.

மாமா வருவாரா? என் வீட்டுக்குள்ளா? அதுவும் பத்திரிகை இருக்கும் கம்ப்யூட்டருக்குள்ளா?

நானே மாட்டிவிடுவது என்று முடிவெடுத்தேன். பத்திரிகையையும் நானே மாலை ஐந்து மணிக்குள் அச்சகத்துக்கு அனுப்பிவிடுவது. ஒரே நாளில் இரண்டு வெற்றி.

மூடியைக் கழற்றினேன். கார்டை அதற்குரிய பள்ளத்தில் அழுத்தினேன். 'டக்' என்று உட்கார்ந்தது. மின்சார வயரைச் செருகினேன். திருகை முடுக்கினேன். மானிட்டர் கேபிளை வழக்கமான இடத்தில் மாட்டினேன். சுவிட்சைப் போட்டேன்.

காற்றாடி சுற்றியது. விளக்கு எரிந்தது. திரை மட்டும் கறுப்பு. நடுவில் 'நோ சிக்னல்' என்று இரண்டு சொல். பிறகு அதுவும் இல்லை.

"என்ன தலைவரே, கறுப்புக் கொடியா?" என்றாள் சுருளியம்மாள்.

"கொஞ்ச நேரமாகும். உனக்கு வேற சோலி இல்லையா?"

"இருக்கு. இதப் பாத்துட்டுப் போறேன்."

அணைத்துப் போட்டேன். போட்டு அணைத்தேன். மெமரியைக் கழற்றி ரப்பரால் தேய்த்தேன். ஊதினேன், தூசி என் கண்ணுக்குத்தான் வந்தது. கேபிளை மாற்றினேன். மானிட்டரை டிவியின் செட்டாப் பாக்ஸில் மாட்டிப் பார்த்தேன்; சமையல் நிகழ்ச்சி பளிச்சென்று தெரிந்தது. ஆக மானிட்டர் குற்றவாளி அல்ல. கேபிளும் அல்ல. கார்டுதான். பன்னாட்டு நிறுவனம் பழுதான சரக்கைப் போடிநாயக்கனூரில் தள்ளியிருக்கிறது. கண்டனக் கடிதத்தின் முதல் பத்தியை எழுதினேன். நன்றாகவே வந்தது.

இதற்கிடையில் சுருளியம்மாள் கொல்லைப்பக்கம் நின்று யாரிடமோ போனில் பேசிவிட்டு வந்தாள். பால்காரியாக இருக்கும் என்று நினைத்தேன்.

"மணி மூணு. அண்ணனை வரச் சொல்லவா?"

"அவரு இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது."

"அப்ப கார்டு போகட்டும். அத மட்டும் கழட்டிக் கொண்டு போயி, நல்லதா கெட்டதான்னு கேட்டுட்டு வாங்க."

"வாசல மிதிக்க மாட்டேன்னு தீர்மானம் இருக்கு."

"வீட்டு வாசலத்தான சொன்னீக? கடை வாசலப் பத்தி அதுல என்ன இருக்கு?"

யோசித்தேன். எதுவும் இல்லை. தீர்மானத்தை இன்னும் கவனமாக எழுதியிருக்க வேண்டும்.

கார்டைக் கழற்றினேன். கையில் எடுத்துக்கொண்டு கிளம்பியவனைத் தடுத்தாள்.

"கையில பிடிக்காதீக. உடம்புல இருக்க கரண்டு பட்டா கெட்டுப்போகுமாம். உங்க உடம்புதான் பூராம் கரண்டாச்சே. கொண்டாங்க, தட்டுல வச்சுத் தர்றேன்."

உள்ளே போனாள். பித்தளைத் தாம்பாளத்தோடு வந்தாள். மேலே பட்டுத் துணி மூடியிருந்தது.

"துணி எதுக்கு?"

"தூசி படக் கூடாது. தெறக்காம வெரசாப் போங்க. ரெண்டு கையிலயும் பிடிங்க."

"கனமா இருக்கே?"

"புதுக் கார்டுல்ல?"

நம்பினேன். லத்திக்கு அஞ்சாத நான், நடுத்தெருவில் இரண்டு கையாலும் தாம்பாளம் ஏந்தி நடந்தேன். டீக்கடை ராக்கையா கிளாசைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். "தவசியண்ணே! தட்டு கெளம்பிருச்சா! பதினாலு வருசமாச்சுல்ல!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். பைத்தியக்காரன் என்று நினைத்தேன். பின்னாலேயே நாலைந்து பேர் வந்தார்கள். எனக்கு இன்னும் செல்வாக்கு இருக்கிறது என்றும் நினைத்தேன்.

கடையில் மொக்கச்சாமியின் மனைவி தேவி இருந்தாள். தட்டைப் பார்த்தாள். "ஏங்க! வெளிய வாங்க! அண்ணே தட்டோட வந்திருக்காக!"

மொக்கச்சாமி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடிவந்தார். புருசனும் பெண்டாட்டியும் கிழக்கே பார்த்துச் சேர்ந்து நின்றார்கள். தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். துணியை விலக்கினார்கள்.

வெற்றிலை. பாக்கு. மஞ்சள். குங்குமம். தேங்காய். இரண்டு சீப்பு வாழைப்பழம். அதன் மேல், மாப்பிள்ளை போல் சாய்ந்தபடி, கிராபிக்ஸ் கார்டு. அதற்கும் பொட்டு வைத்திருந்தாள்.

"மாப்ளே..." மொக்கச்சாமி அழுதேவிட்டார். "அன்னைக்கு ஜீப்புல இருந்ததெல்லாம் பச்சப்புள்ளக்காரிக மாப்ளே. அன்னாடங் கூலி. வழியில எறக்கிவிட மனசு வரல. நீங்க வருவீகன்னு நான் நெனைக்கவே இல்ல."

நானும்தான் நினைக்கவில்லை. ஆனால் வாசலில் பதினைந்து பேர் நின்றார்கள். அழுகிற ஆள் முன்னால் போடுவதற்கு என்னிடம் கோஷம் எதுவும் இல்லை. "குடும்பத்தோட வந்துருங்க மச்சான்" என்று என் வாய் சொன்னது. என்னிடம் கேட்காமலே சொன்னது.

காபி வந்தது. குடித்தேன். பிறகுதான் வந்த சோலி நினைவுக்கு வந்தது.

"கார்டு கெட்டுப்போச்சு மச்சான். படமே வரல."

"கேபிள எதுல மாட்டுனீக?"

"எப்பவும் மாட்டுற எடத்துலதான்."

"அதான் மாப்ளே. புதுக் கார்டப் போட்டா பழைய எடத்துல படம் வராது. கார்டுக்குப் பின்னாலயே ஒரு ஓட்டை இருக்கு பாருங்க, இதுல மாட்டணும். கார்டு நல்லாத்தான் இருக்கு."

"அப்ப... கார்டக் கழட்டிட்டா?"

"கழட்டிட்டா பழைய எடத்துலயே படம் வந்துரும். இந்நேரம் உங்க வீட்டுல ஜோரா ஓடும். மத்தியானம் தங்கச்சி போன்ல கேட்டப்பவே வெவரமாச் சொன்னேனே?"

பால்காரி!

ஓடினேன். வீட்டில் திரை பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. சுருளியம்மாள் கண்ணாடி போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அருணா தேனியிலிருந்து போனில் சொல்லச் சொல்ல, ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். திரையில் பத்திரிகை. 'தாய்மாமன் மொக்கச்சாமி, தேவி' என்று தடித்த எழுத்தில் ஒரு வரி. என் பெயருக்கு மேலே.

"வந்துட்டீகளா? அச்சகத்துக்கு அனுப்பப் போறேன். எழுத்துப் பிழை பாக்குறதுல போடியில உங்கள விட்டா யாரு இருக்கா? ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க" என்று எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள்.

மூன்று தடவை பார்த்தேன். பிழை எதுவும் இல்லை.