சின்ன வாய்க்கால் கரையில் ஒரு பெஞ்சு

மனிதன் மண்ணை வெட்டக் கற்றுக்கொண்டதில் பெரிய பெருமை ஒன்றும் கிடையாது. எலியும் நண்டும்கூட வெட்டுகின்றன. வெட்டிய மண்ணைப் பற்றி வரிசையில் நின்று பேசக் கற்றுக்கொண்டானே, அன்றைக்குத்தான் உலகத்தில் நாகரிகம் பிறந்தது. அந்த நாகரிகம் பாகூர்ப் பக்கம் வந்து சேர்ந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் ஆவணி மாதம். கொண்டுவந்தவர் பிரெஞ்சு சர்க்காரின் மராமத்து அதிகாரி சுப்பராயலு முசே. வந்ததைச் சாகாமல் காப்பாற்றியவன் மண் சுமக்கும் கூலி கண்ணையன்.

முந்தின வருஷ மழையில் சின்ன வாய்க்காலின் கரை முப்பது அடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. ஐப்பசி மழைக்குள் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் நேராகக் கீழே இருக்கும் குடிசைகளுக்குள் போகும். அதில் முதல் குடிசை கண்ணையனுடையது. போன வருஷம் அவன் பெண்சாதி தனக்கொடி, விதைநெல் பானையை இடுப்பு மட்டத் தண்ணீரில் தலைமேல் வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க நின்றிருக்கிறாள்.

வேலைக்குக் கண்ணையன், தனக்கொடி உட்பட இருபத்திரண்டு பேர். சுப்பராயலு முசே உத்தரவு போட்டார்: தினமும் காலையில் எல்லோரும் மேரிக்கு, அதாவது கொம்யூன் ஆபீசுக்கு வந்து, முந்தின நாள் முன்னேற்றத்தை ஆளுக்கு ஆள் சொந்த வாயால் சொல்ல வேண்டும். மேரி இரண்டு மைல். போய், அவர் காப்பி குடித்து முடியும்வரை வேப்பமரத்தடியில் நின்று, சொல்லித் திரும்பினால் பொழுது உச்சியைத் தாண்டிவிடும்.

ஒரு வாரம் கழித்து அவர் கூலியாள் மாரிமுத்துவைக் கேட்டார்.

"நேற்று என்ன முன்னேற்றம்?"

"நேத்து இங்க வந்தேன் முசே."

"முந்தாநாள்?"

"அன்னிக்கும் இங்கதான் முசே."

"அப்படியானால் வேலை எப்போது?"

"கூட்டம் இல்லாத நாளா பாத்து செஞ்சிடலாம்னு கீறோம். நீங்கதான் அந்த நாளைச் சொல்லணும்."

இந்த நெருக்கடியில்தான் கண்ணையனின் மூளை விழித்தது. அவனுக்கு எழுத்துத் தெரியும். நாற்பத்தொரு வயதில், பாதிரியார் பள்ளிக்கூடத்துக்குக் கூரை வேயப் போனவன், கீற்று இடுக்கு வழியே கீழே நடந்த பாடத்தைப் பார்த்துப் பார்த்துக் கற்றது. மூன்று மழைக்காலம் அந்தக் கூரை சரியாக அடைபடாததற்கு அதுவே காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. கல்விக்குப் பகைவர் எங்கும் இருப்பார்கள்.

"முசே, கூட்டத்தைக் கரை மேலயே வெச்சிக்கலாம். நடை மிச்சம். ஆளுக்கு ஒரே வார்த்தை. நான் எழுதி அனுப்பிடறேன். நீங்க வரவே வாணாம்."

கடைசி வாக்கியம் சுப்பராயலு முசேயின் மனதைத் தொட்டது. கண்ணையன் அங்கேயே 'கூட்டக் குறிப்பாளன்' ஆனான். முப்பது வருஷமாக உச்சந்தலையில் இருந்த மண்கூடை அன்றைக்கு இறங்கியது.

தலைச்சுமை இறங்கினால் போதுமா? உட்கார இடம் வேண்டாமா? சாராயக்கடையிலிருந்து ஆறடி பெஞ்சு ஒன்று வந்தது. கரையும் ஆறடி அகலம். உடைப்பின் நட்டநடுவில், வாய்க்கால் ஓரத்திலிருந்து குடிசைப் பக்க ஓரம் வரைக்கும் பெஞ்சைக் குறுக்கே போட்டு, கண்ணையன் அதன் மேல் அமர்ந்தான். ஒரு பக்கம் மசிக்கூடு, ஒரு பக்கம் நோட்டு, நடுவில் அவன். இரண்டு பக்கமும் ஜனங்கள் நின்றார்கள்.

"வூட்ல குந்த ஒரு பலகை கெடையாது. தொரைக்கு இங்க பெஞ்சு கேக்குதா?" என்றாள் தனக்கொடி.

"சர்க்கார் எழுத்தை நின்னுகிட்டு எழுதக்கூடாதுடி."

"எழுது, எழுது. நாங்க சும்மாவா நிக்கறது?"

அவளுக்குச் சும்மா நிற்கத் தெரியாது. மண்கரை என்பது கொட்டினால் எழும்பிவிடுவதல்ல. ஒரு சாண் மண் கொட்டி, தண்ணீர் தெளித்து, கால் கடுக்க மிதித்து, அதன்மேல் அடுத்த சாண். கூட்டத்துக்கு முன்னால் மண்ணைக் கொட்டிப் பரப்பிவிட்டு, கூட்டம் நடக்கும்போது மிதிக்கலாம் என்று அவள்தான் சொன்னாள். வாய் பேசட்டும், கால் அதுபாட்டுக்கு வேலை பார்க்கட்டும் என்று இருபத்தொரு பேரும் நின்ற இடத்திலேயே தொம் தொம்மென்று மிதித்தார்கள். கண்ணையனின் எழுத்து குலுங்கியது. ஆனாலும் பொறுத்துக்கொண்டான். குறிப்பில் "கூட்டத்தில் ஆர்வம் மிகுதி" என்று எழுதினான்.

"மாரிமுத்து?"

"மண்ணு."

"தனக்கொடி?"

"ஏந்திரு."

"இன்னாது?"

"ஏந்திருன்றேன். நீ குந்திக்கீற எடம் மட்டும் பொலபொலன்னு கெடக்குது. பெஞ்சை இப்டி நவுத்திட்டு நாலு மிதி மிதிச்சிட்டு குந்துய்யா."

"நிகழ்ச்சி நிரல்ல இல்லாததைப் பேசக்கூடாது. ஒரே வார்த்தைதான்."

"ஏந்திருன்னு ஒரே வார்த்தைதானே சொன்னேன்!"

கூட்டம் சிரித்தது. "சிரிப்பு: ஒரு முறை" என்று கண்ணையன் பதிவு செய்தான்.

தினமும் காலையில் பெஞ்சைத் தூக்கி, அந்த இடத்திலும் மண்ணைக் கொட்டி, மறுபடி அங்கேயே பெஞ்சைப் போட்டார்கள். கூட்டம் கலைந்த பிறகும் கண்ணையன் எழுந்திருக்க முடியாது. சுத்தப் பிரதி எடுக்கப் பொழுது சாய்ந்துவிடும். அவ்வளவு பொறுப்பு. ஒவ்வொரு பிரதியும் ஒரே மாதிரி முடியும்: "வந்தவர் இருபத்திரண்டு. வேலை செய்தவர் இருபத்திரண்டு. குறை இல்லை."

புரட்டாசி கடைசியில் கரை எழும்பி நின்றது. மேரியிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. கூட்டங்கள் இவ்வளவு பயனுள்ளதாக இந்தக் கொம்யூனில் இதற்குமுன் நடந்ததில்லையாம். கண்ணையன் அதைத் தனக்கொடிக்கு மூன்று தரம் வாசித்துக் காட்டினான்.

"மழை வரட்டும்" என்றாள் அவள்.

வந்தது. ஐப்பசி பத்தாம் தேதி, பட்டப்பகலில், வாய்க்கால் கரை முட்ட நிறைந்தது. ஊரே மேலே நின்று பார்த்தது. இந்தப் பக்கம் பதினான்கு அடி கல்லாட்டம் நின்றது. அந்தப் பக்கம் பதினான்கு அடி, அதுவும் கல்லாட்டம். நடுவில் மட்டும் ஒரு பெஞ்சு அகலத்துக்கு மண் ஈரமாகி, உள்வாங்கி, பொசுக்கென்று உட்கார்ந்தது. உட்காருவதில் அதற்கு அவ்வளவு பழக்கம். தண்ணீர் அந்த வழியே நுழைந்து, எங்கும் திரும்பாமல், கண்ணையன் வீட்டுக்குள் போயிற்று. அங்கேயே கிடந்த பெஞ்சும் கூடவே மிதந்து போய் வாசற்படியில் குறுக்கே சிக்கிக்கொண்டு, உள்ளே போன தண்ணீர் வெளியே வராமல் பார்த்துக்கொண்டது. விதைநெல் பானை உடைந்தது.

நான்காம் நாள் சுப்பராயலு முசே வண்டியில் வந்தார். உடைப்பை இறங்காமலே பார்த்தார்.

"முப்பது அடியில் இருபத்தெட்டு நின்றிருக்கிறது. எல்லாம் கூட்டத்தின் பலன். நடுவில் ஏன் போயிற்று என்று விவரமாக எழுதி அனுப்பு கண்ணையா. மழை மேல் பழி போட்டு எழுதினால் எல்லோருக்கும் நல்லது."

வண்டி போய்விட்டது. நோட்டு நனைந்திருந்தாலும் கடைசித் தாள் பிழைத்திருந்தது. பெஞ்சு வாசலில்தான் கிடந்தது. அவன் அதில் உட்காரவில்லை. சேற்றில் நின்றபடியே, நோட்டை உள்ளங்கையில் வைத்து எழுதினான். மழையைப் பற்றி நாலு வரி எழுதி அடித்தான். அதன் கீழே இரண்டே வாக்கியம் எழுதினான்.

உமியோடு சேறாய்க் கிடந்த விதைநெல்லை முறத்தில் அள்ளிக்கொண்டிருந்த தனக்கொடி நிமிர்ந்தாள்.

"இன்னா எழுதின? படிச்சிக் காட்டு."

கண்ணையன் தொண்டையைச் செருமிக்கொண்டு, முப்பத்தெட்டுக் கூட்டங்களிலும் வாசித்த அதே குரலில் வாசித்தான்:

"வந்தவர் இருபத்திரண்டு. வேலை செய்தவர் இருபத்தொன்று."