பிள்ளைக்கு முன்னே ஓடும் விடை

பத்துச் சோடா மூடிகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஆணியால் துளையிட்டு, விளிம்பைக் கல்லில் தேய்த்து, கீறுகிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக் கம்பியில் கோக்கின்றன இரண்டு கைகள். பள்ளிக்கூடத்தில் கேட்டது பிள்ளை செய்த எண்சட்டம். பிள்ளையோ தள்ளி உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது. "நீ தொடாத, கையக் கிழிச்சிரும்!"

இவர்தான் முந்திவிடையார். தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வீட்டு வரிசைக்கு ஒருவராவது இருப்பார். பிள்ளைக்குக் கணக்கில் உதவுவது இவர் விரதம். எப்படி உதவுவார்? "மூணும் நாலும் எத்தன?" என்று கேட்பார், பிள்ளை ஒரு கையில் மூன்று விரலை நிமிர்த்தி மறு கையைத் தேடுவதற்குள், "ஏழு! ஏழுதானே? கெட்டிக்காரி!" என்று தாமே சொல்லி, தாமே மெச்சி, அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். விரல் எதற்கு, இவர் நாக்கு இருக்கும்போது?

நம் கஜேந்திரன் இந்த இனத்தில் முதல்தரம். மலையில் கொழுந்து நிறுக்கிற வேலை. தராசு முள் நிற்கும் முன்னே, சாக்குக்கு இரண்டு கிலோ கழித்து, எடையைக் கூவிவிடுவார். லீவு நாளில் மகள் பிரேமினியும் பக்கத்தில் நிற்பாள். அவளுக்கு வீட்டுக் கணக்கெல்லாம் சரி. வகுப்பில் வாயே திறப்பதில்லை. "நாளைக்கு இவளத் தனியாக் கேப்பேன்," என்று பெற்றீசியா டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். கஜேந்திரன் அன்றே எண்சட்டத்தை எடுத்து உட்கார்ந்துவிட்டார்.

கம்பி முனையைப் பல்லில் கடித்து முறுக்கிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து அடுப்படியிலிருந்து மனைவி ஷாமிலா கேட்டாள்: "பிரேமி, அஞ்சும் மூணும்?"

பிள்ளை அப்பாவின் வாயைப் பார்த்தாள். வாயில் கம்பி. வேறு வழியில்லாமல் விரல்களை விரித்து, எட்டு வரை எண்ணினாள். பிறகு இரண்டை மடக்கினாள்.

"ஆறு."

கம்பி நழுவியது. "எட்டு எண்ணிட்டு ஏம்மா மடக்குன?"

"சாக்குக்கு ரெண்டு கழிக்கணும்லப்பா?"

ஷாமிலா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்து இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. "நான் பறிச்ச கொழுந்துலயே கழிக்கிற மனுசனுக்குப் பொறந்தது, வெரல்ல கழிக்காதா? அவ எப்படி எண்ணுறான்னு என்னைக்காச்சும் பாத்தீங்களா?"

பார்த்ததில்லை. பார்க்க எங்கே நேரம்?

கடைசி முடிச்சை முறுக்கி, சட்டத்தை மகள் கையில் வைத்தார். "இதுல சாக்கு இல்லம்மா. நீயே எண்ணு."

நான்கு மூடியை இந்தப் பக்கமும் ஐந்தை அந்தப் பக்கமும் தள்ளிவிட்டு, ஒவ்வொன்றாகத் தொடுகிறாள் பிரேமினி. முந்திவிடையார் உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருக்கிறார்.

பொறுங்கள் வாசகரே. அவள் இன்னும் மூன்றாவது மூடியில்தான் நிற்கிறாள். உங்கள் உதடு ஏன் அதற்குள் அசைகிறது?