கதிர்காமத்துக்கு வழி தெரிந்தவர்

வழி தெரிந்தவர் என்றொரு இனம் உண்டு. எல்லா ஊரிலும் உண்டு என்றாலும் ஓசூர் மண்ணில் அது கொஞ்சம் செழிப்பாக விளையும். இரண்டு மாநிலம் உரசிக்கொள்கிற இடம், மூன்று பாஷை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சாலையை வேறு பக்கம் திருப்பிவிடுகிற மேம்பால வேலை. இங்கே குடியிருப்பவருக்கு வழி தெரிந்தே ஆகவேண்டும். தெரியாவிட்டாலும் தெரிந்தே ஆகவேண்டும்.

நீங்கள் பார்த்திருப்பீர்கள். காரில் ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில், முன்னால் நகர்ந்து, டேஷ்போர்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். பெங்களூர் போகிறோம் என்று சொன்னால் போதும், “அத்திப்பள்ளி டிராஃபிக்ல எவன் மாட்டுவான், பாகலூர் வழியா விடு” என்பார், நீங்களும் விடுவீர்கள், முக்கால் மணி நேரம் கழித்து ஒரு ரோஜாப் பண்ணையின் பிளாஸ்டிக் கூடாரத்துக்கு முன்னால் சாலை முடிந்துபோய், உள்ளேயிருந்து நாய் ஒன்று வந்து வண்டிச் சக்கரத்தை மோந்துகொண்டிருக்கும், அப்போதும் இவர் கண்ணாடியை இறக்கி யாரையும் கூப்பிட மாட்டார், “முன்னாடி இங்க ரோடு இருந்திச்சு” என்பார். இருந்ததா? அது அந்த நாய்க்குத்தான் தெரியும்.

முக்கியமான அடையாளம் ஒன்று உண்டு. இந்த இனம் வழி கேட்காது. அறிவிக்கும். ராயக்கோட்டைக்கு எப்படிப் போவது என்று மற்றவர்கள் கேட்பார்கள். இவர், “ராயக்கோட்டை இந்தப் பக்கம்தானே?” என்பார். எதிரே நிற்பவர், பெரிய மனிதர் சொல்கிறாரே என்று தலையாட்டிவிடுவார். அவ்வளவுதான், முடிந்தது.

இந்த இனத்துக்கு நம்முடைய உதாரணம்: சென்னப்பன், வயது அறுபத்து நான்கு, ஊர் தொரப்பள்ளி. சிப்காட்டில் பம்பு செய்கிற ஒரு கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் பராமரிப்புப் பிரிவு ஃபோர்மேன். எந்த இயந்திரத்தையும் அதன் புத்தகத்தைத் திறக்காமலே கழற்றியவர். திரும்ப மாட்டும்போது நான்கு போல்ட் மிஞ்சும். “செஞ்சவன் எக்ஸ்ட்ரா போட்டிருக்கான்” என்பார்.

இப்படிப்பட்டவரைக் கப்பலில் ஏற்றினால் என்ன ஆகும்?

ஏற்றியது அவருடைய மகள் சுவாதி. அதே சிப்காட்டில் வேறொரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர். சென்னையில் கிளம்பி, இலங்கையின் அம்பாந்தோட்டையில் ஒரு பகல் நின்றுவிட்டுத் திரும்புகிற சுற்றுலாக் கப்பல். போனதற்குக் காரணம் ஒரு வெள்ளி வேல். நாலு வருஷத்துக்கு முன் சென்னப்பனுக்கு இருதய அறுவை நடந்தபோது அவர் மனைவி மங்கம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, இவர் பிழைத்தால் கதிர்காம முருகனுக்கு வேல் கொண்டுவந்து வைப்பதாக வேண்டிக்கொண்டார். இவர் பிழைத்தார். வேல் செய்து பீரோவில் வைத்தார்கள். போகலாம் போகலாம் என்று இருந்தார்கள். போன பங்குனியில் மங்கம்மா இறந்துபோனார். வேல் பீரோவிலேயே இருந்தது.

அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கதிர்காமத்தில் பகல் பூஜை பத்தரைக்கு. அதை விட்டால் மாலை ஆறரைக்கு. அப்போது கப்பல் கடலில் இருக்கும். ஆக, பத்தரை. அதுதான் கணக்கு.

கப்பலின் நான்காம் தளத்தில், கரையிறங்கிச் சுற்றிப் பார்க்கப் பெயர் பதிகிற மேஜை. அதற்குப் பின்னால் சீருடையில் ஒரு பெண். சட்டையில் பிரியதர்ஷினி என்று பெயர்ப்பட்டை.

“கதிர்காமம் டூர் இருக்கு சார். ஏசி பஸ், கைடு, பூஜைத் தட்டு, மதியச் சாப்பாடு. வர்ற வழியில காட்டு யானை காட்டுவாங்க.”

“என்னாது?”

“யானை சார்.”

“யானையக் காட்டறதுக்குத் துட்டா? ஏம்மா, எங்க ஜவளகிரி பக்கம் ராகி வெளஞ்சா நாப்பது யானை சும்மா வருது. வராதேன்னு சொல்லத்தான் நாங்க பட்டாசு வாங்கறோம்.”

“யானைய விடுங்கப்பா” என்றாள் சுவாதி. “பூஜைக்குப் போகணும். பேரு குடுத்துடலாம்.”

“முருகன் கோயிலுக்குப் போறதுக்குத் தமிழனுக்குக் கைடா? பஸ் ஏறினா கதிர்காமம். நா கூட்டிக்கினு போறேன், நீ சும்மா வா.”

“சார், எங்க பஸ் லேட்டானா கப்பல் நிக்கும். தனியாப் போனவங்களுக்கு நிக்காது. நாலரைக்குள்ள ஏறிடணும்.”

“பத்து நிமிஷம் கிரேஸ் இருக்குமில்ல?”

முப்பத்தொரு வருஷம் ஷிப்டுக்கு அட்டை குத்தியவருக்குக் கடலும் ஒரு கம்பெனி கேட்தான். அந்தப் பெண் சுவாதியைப் பார்த்தாள். சுவாதி தரையைப் பார்த்தாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு எல்லோரும் இறங்கினார்கள். கப்பலில் பழக்கமான வெங்கடப்பன், ஊத்தங்கரையில் மாங்காய் மண்டி வைத்திருப்பவர், மனைவி சரோஜம்மாளோடு சுற்றுலாக் குழுவில் நின்றுகொண்டிருந்தார். அவர் சட்டையில் மஞ்சள் ஸ்டிக்கர்: பதினான்கு. சரோஜம்மாளுக்குப் பதினைந்து. முன்னால் ஆரஞ்சுக் கொடியோடு வழிகாட்டி.

“வாங்கண்ணா எங்ககூட. இன்னும் எடம் இருக்குதாம்.”

“நம்பர் குத்திக்கினு போறதுக்கு நா என்ன சந்தை மாடா?”

வெங்கடப்பன் கோபித்துக்கொள்ளவில்லை. கொடியைப் பார்த்தபடி நடந்துபோனார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. அதுவும் ஓர் இனம்தான். அதற்கு இங்கே இடமில்லை.

துறைமுக வண்டி தந்தையையும் மகளையும் பெரிய சாலையில் இறக்கிவிட்டது. ஓசூர்க்காரருக்கு ஒரு நம்பிக்கை: தமிழ் பலிக்காவிட்டால் கன்னடம், கன்னடம் பலிக்காவிட்டால் தெலுங்கு, மூன்றும் பலிக்காத இடத்தை ஆண்டவன் இன்னும் படைக்கவில்லை. பஸ்ஸுக்கு நின்ற சிங்களப் பெரியவர் ஒருவரிடம் சென்னப்பன் மூன்றையும் வரிசையாக இறக்கினார்.

“கதிர்காமம் இந்தப் பக்கம்தானே?”

பெரியவர் சிரித்தார்.

“கதிர்காம ஈ கடெ தானே?”

சிரித்தார்.

“ஈ பக்கே கதா?”

சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

“தெலுங்கு தெரியுது பாரு” என்றார் சென்னப்பன்.

அதற்குள் பஸ் வந்தது, ஏறியாயிற்று. அதன் நெற்றியில் ஊர்ப்பெயர் மூன்று மொழியில் இருந்தது, தமிழிலும் இருந்தது. சென்னப்பன் பார்க்கவில்லை. போர்டு பார்ப்பது வெளியூர்க்காரர் செய்கிற வேலை. அவர் பின்னால் ஓடி ஏறிய சுவாதிக்குப் பார்க்க நேரமில்லை.

உட்கார்ந்து ஐந்து நிமிஷத்தில் அவளுக்கு உறுத்தியது. மணி எட்டே முக்கால். கதிர்காமம் கிழக்கே. வெயில் முதுகில் அடித்தது.

“அப்பா, நாம மேக்கால போறோம்.”

“இல்லியே.”

“சூரியன் பின்னால இருக்குதுப்பா.”

சென்னப்பன் திரும்பிப் பார்த்தார். சூரியன் இருந்தது. ஒப்புக்கொள்ள வேண்டியதுதானே? “பூமத்திய ரேகைக்குக் கிட்ட வந்துட்டோமில்ல. இங்க அப்படித்தான் இருக்கும்.”

சூரியனையே தப்பென்று சொல்லத் தெரிந்தவரிடம் யார் என்ன பேச முடியும்? சுவாதியின் கைபேசியில் இலங்கை சிம் இல்லை. அம்பாந்தோட்டைக்கு மேற்கே, ‘அம்பலாந்தோட்டை’ என்று பலகை வந்த ஊரில் அவரைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு இறங்கினாள். மணி ஒன்பது ஐந்து. கதிர்காமம் இப்போது இன்னும் தூரம்.

சென்னப்பன் ஒரு மரத்தடியில் போய் நின்று, இடுப்பில் கைவைத்து, நான்கு திசையையும் மேற்பார்வையிட்டார்.

தரக்கட்டுப்பாட்டில் ஒரு பழக்கம் உண்டு. தவறு நடந்தால் ஐந்து முறை ஏன் என்று கேட்க வேண்டும். சுவாதி மனதுக்குள் கேட்டாள். ஏன் தப்பான ஊர்? தப்பான பஸ். ஏன் தப்பான பஸ்? போர்டு பார்க்கவில்லை, சரியாகக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? இத்தனை வருஷம் கேட்காமலே போய்ச் சேர்ந்த தைரியம். கேட்காமல் எப்படிப் போய்ச் சேர்ந்தார்? நான்காவதிலேயே நின்றுவிட்டது.

“வாழைப்பழம் வாங்கியாறேன்ப்பா” என்று எதிர்க்கடைக்குப் போனாள். கடையில் தலையில் முக்காடிட்ட பெண், தமிழ் பேசினாள். எந்தப் பக்கம், எவ்வளவு நேரம், எந்த வண்டி என்று சுவாதி எல்லாம் கேட்டுக்கொண்டு, ஒரு சீப்புப் பழத்தோடு திரும்பி வந்தாள்.

“அந்தப் பக்கம்னுதானே சொன்னீங்கப்பா?”

“அதான் அப்பவே சொன்னேனில்ல.”

அப்படிக் கேட்ட வாயோடு சுவாதி நின்றாள். அந்த வார்த்தை அவளுடையது இல்லை. அம்மாவுடையது.

மைசூர், தர்மஸ்தலா, காளஹஸ்தி. எந்த ஊருக்குப் போனாலும் அம்மாவுக்கு ஏதாவது வாங்க வேண்டியிருந்தது. பூ. வெற்றிலை. ஒன்றுமில்லாவிட்டால் தீப்பெட்டி. இரண்டடி பின்தங்கி, கடைக்காரரிடம் குனிந்து ஏதோ பேசி, வாங்கிக்கொண்டு வந்து, “அந்தப் பக்கம்னுதானே சொன்னீங்க?” என்பார். “அதான் சொன்னேனில்ல” என்று சென்னப்பன் முன்னால் நடப்பார். முப்பது வருஷம் அவர் ஒரு தடவைகூட வழி தவறவில்லை. பெங்களூருக்கு மட்டும் விதிவிலக்கு. அங்கே அம்மா வரமாட்டார், தலைசுற்றும் என்பார். பங்குனிக்குப் பிறகு அலமாரியைச் சுத்தம் செய்தபோது பிரிக்காத தீப்பெட்டி பதினேழு இருந்தது. இத்தனை எதற்கு என்று சுவாதிக்கு அன்றைக்குப் புரியவில்லை.

பழக்காரப் பெண் கைகாட்டிய ஆட்டோ வந்து நின்றது. ஓட்டுநர் கடிகாரத்தைப் பார்த்தார். “பத்தரைப் பூசைக்கா? கஷ்டம். ஏறுங்க, பாப்பம்.”

ஓட்டுநருக்குத் தெரியாத வழி பலவற்றைச் சென்னப்பன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

“இங்க லெஃப்ட்ல ஷார்ட்கட் இருக்கும், விடுங்க.”

“லெஃப்ட்ல குளம் ஐயா.”

“கொளத்துக்கு அந்தாண்ட?”

“முதலை.”

சென்னப்பன் வெளியே நீட்டியிருந்த முழங்கையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

ஆற்றுப் பாலத்தைக் கடந்து கோயில் வாசலுக்கு ஓடியபோது மணி பத்து நாற்பது. பூஜை தொடங்கிவிட்டது. தட்டு ஏந்தியவர்களின் வரிசை உள்ளே நகர்ந்துகொண்டிருந்தது. அதன் வாலில் ஒரு தொண்டர் கயிற்றைக் கட்டிவிட்டு, இனி இல்லை என்று கை விரித்தார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஆரஞ்சுக் கொடி. வழிகாட்டி தலை எண்ணிக்கொண்டிருந்தார்.

“இருபத்திரண்டு பேருக்குச் சொல்லி வச்சேன். ஒரு ஆள் குறையுதே?”

“சரோஜா பஸ்ஸுலயே உக்காந்துட்டா, முட்டி வலியாம்” என்றார் வெங்கடப்பன். திரும்பியவர் கயிற்றருகே மூச்சு வாங்க நின்ற இருவரையும் பார்த்தார். சென்னப்பன் கையில் சிவப்புத் துணிப் பொட்டலம். அதில் என்ன இருக்கிறது என்று கப்பலில் முதல் நாளே சொல்லியிருந்தார். வெங்கடப்பன் பையிலிருந்து, மனைவி கழற்றிக் கொடுத்திருந்த மஞ்சள் ஸ்டிக்கரை எடுத்தார். சந்தை மாடு பேச்சை எடுக்கவில்லை. அந்த விஷயத்தில் அவர் பெரிய மனிதர்.

“அவ நம்பர்தான். ஒட்டிக்கினு வாங்கண்ணா, ஒருத்தர் வரலாம்.”

சென்னப்பன் அசையவில்லை. ஸ்டிக்கரைப் பார்த்தார். பொட்டலத்தைப் பார்த்தார். உள்ளே மணி அடித்தது. தான் வாங்கச் சொன்னால் அவர் வாங்க மாட்டார் என்று சுவாதிக்குத் தெரியும்.

அவர் ஸ்டிக்கரை வாங்கினார். அது கட்டைவிரலிலேயே ஒட்டிக்கொண்டது. மகள் பக்கம் திரும்பினார்.

“எங்க ஒட்டணும்மா இத?”

அறிவிப்பு இல்லை. கேள்வி. சுவாதி அறிந்தவரை, தனக்குத் தெரியாது என்று காட்டி அவர் கேட்ட முதல் கேள்வி.

சட்டைப் பைக்கு மேல் ஒட்டி, அழுத்தித் தேய்த்துவிட்டாள். சென்னப்பன் கயிற்றுக்கு அடியில் குனிந்து போனார். பதினான்குக்குப் பின்னால், பதினாறுக்கு முன்னால், கொடி போன பக்கமெல்லாம் போனார்.

கால் மணி கழித்து வெளியே வந்தபோது சிவப்புத் துணி மட்டும் மடித்துக் கையில் இருந்தது.

“குடுத்துட்டேன்.”

“சாமி பாத்தீங்களா?”

“திரை போட்டிருக்காங்க. உள்ள எடுத்துக்கினு போய்ட்டாங்க.” மடித்த துணியையே மறுபடி மடித்தார். “உங்கம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும், திரை இருக்கும்னு. யாருகிட்டயாவது கேட்டு வெச்சிருப்பா.”

சுவாதி சீப்பிலிருந்து ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்து அவரிடம் கொடுத்தாள்.

திருந்திவிட்டாரா? என்ன கேள்வி இது. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. வெங்கடப்பன் வந்து, “அண்ணா, கழிப்பறை எங்க இருக்குது, பாத்தீங்களா?” என்றார். “நேராப் போய் ரைட்டு” என்றார் சென்னப்பன், ஒரு நொடிகூட யோசிக்காமல். வெங்கடப்பன் நேராகப் போய் வலது பக்கம் திரும்பினார். அவர் திரும்பி வருகிறவரை மொத்தக் குழுவும் பஸ்ஸில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இனி உங்கள் விஷயம். நீங்கள் இந்த இனம் இல்லை, தெரியும். நீங்கள் போர்டு படிப்பவர், வரைபடம் பார்ப்பவர், தவறினால் ஒப்புக்கொள்பவர். நல்லது. ஒரே ஒரு சின்னச் சோதனை: கடைசியாக ஓர் அந்நிய மனிதரிடம் நீங்களே வாய் திறந்து வழி கேட்டது எப்போது? ஞாபகம் வரவில்லையா? கேட்கிற அவசியமே வந்ததில்லை, போன இடமெல்லாம் சரியாகத்தான் போய்ச் சேர்ந்தீர்கள், இல்லையா? எப்படி என்று உங்கள்கூட வந்தவருக்குத் தெரியும். வீட்டில்தான் இருப்பார். போய்க் கேளுங்கள்.

இன்றைக்கே கேட்டுவிடுவது நல்லது.