ஐஸ் பெட்டிக்குள் யாகப்பு வீட்டுக் கலியாணம்

வீட்டிலுள்ள ஒரேயொரு மின்விசிறி இனிமேல் கலைக்காகவும் விஞ்ஞானத்துக்காகவும் மட்டுமே சுழலும் என்று சித்திரை வெயில் உச்சத்தில் நின்ற ஒரு காலையில் செபநாயகம் தீர்மானித்தார். கலை என்பது அவர் குருநகரில் எடுத்துவந்த கலியாண வீடியோ. விஞ்ஞானம் என்பது அந்த வீடியோக்கள் குடியிருந்த இரண்டு வன்தட்டுகள்.

அவற்றை அற்பமாக எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொன்றும் உள்ளங்கைக்குள் அடங்கும். ஆயினும் கடற்கரைத் தெருவின் கலியாணங்களும், பிள்ளைகள் முதன்முறை நற்கருணை வாங்கும் முதல்நன்மைகளும், இறந்துபோன கிழவர்கள் ஆடிய ஆட்டமும், வெளிநாடு போய்விட்ட பிள்ளைகள் விமானத்துக்கு முன் அழுத அழுகையும் அவற்றுக்குள் நெருக்கடியின்றிக் கிடந்தன. எந்த மீன்பிடி வள்ளமும் தாங்காத சனத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு நடக்கலாம் என்ற நினைப்பு செபநாயகத்தை இன்னமும் மெய்சிலிர்க்க வைத்தது. அந்த மரியாதையினாலேயே அவற்றுக்கு வெல்வெட்டில் உறை போட்டு, கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டி, அங்கிருந்தபடியே வேலை வாங்கினார். வன்தட்டுகள் கொதித்தன.

வள்ளங்கள் பல வைத்திருந்த யாகப்பு சம்மாட்டியாருக்கு அவருடைய மகளின் கலியாணப் படத்தைச் சனிக்கிழமை கொடுக்க வேண்டும். மணமகள் லவீனா கோயில் வாசலில் காரை விட்டு இறங்கும் இடத்தில் படம் விக்கி விக்கி நின்றது. அந்தக் கலியாணத்துக்கு வேறு பிரதி கிடையாது.

"இஞ்சாருங்கோ, ஃபானை எங்கை தூக்கிறியள்?"

கேட்டவர் மனைவி மக்டலீன். முன்விறாந்தையில், தகரக் கூரையின் கீழ், முதல்நன்மைச் சட்டைகள் தைத்துக்கொண்டிருந்தார்.

"ஹாட் டிஸ்க்குக்குச் சூடு ஆகாது, மக்டலீன். வெந்துபோகும்."

"நான் வேகலாமோ?"

"நீர் வெந்தால் வேர்க்கும். அது வெந்தால் படம் போயிடும்."

"நல்ல ஞாயம். வேர்க்கிற சீவனுக்குக் காத்தில்லை. வேர்க்காத தட்டுக்குக் காத்து."

"இது விஞ்ஞானம். உமக்கு விளங்காது."

"ஓம், எனக்கு விளங்காதுதான்."

மத்தியானம் மக்டலீன் உள்ளே எட்டிப் பார்த்தார். மின்விசிறி செபநாயகத்தின் திறந்த மார்புக்கு நேரே சுழன்றுகொண்டிருந்தது. அலுமாரிக் கண்ணாடி சாத்தியபடியே இருந்தது.

"என்னப்பா, காத்து உங்களுக்கெல்லே அடிக்குது? நீங்களோ ஹாட் டிஸ்க்?"

"அதை இயக்கிறவன் நான். நான் கொதிச்சால் அதுகும் கொதிக்கும்."

"தட்டின்ரை பட்டுச் சட்டையைக் கழட்டி, காத்துப் படுற இடத்திலை வையுங்கோவன்."

"தூசி படும்! போம், போய்த் தையும்."

மின்விசிறியின் முகத்தைச் சற்றே திருப்பியிருந்தால் போதும். ஆனால், மார்பில் படும் காற்றை விட்டுக்கொடுக்கச் செபநாயகத்துக்கு மனம் வரவில்லை. மேலும் அவர் மீன் வியாபாரியின் மகன், மீன் வியாபாரியின் பேரன். அந்தப் பரம்பரை அறிந்த குளிர்ச்சி ஒன்றே ஒன்று: ஐஸ். குருநகரில் பிடித்த பாரை மீன் கொழும்புச் சந்தைவரை போயும் கண் கலங்காமல் கிடப்பது எதனால்? பாரையைக் காக்கிற ஐஸ் லவீனாவைக் காக்காதா? பின்னேரம்வரை ஐசுக்குள் கிடந்து ஊறினால், பிறகு எவ்வளவு ஓடினாலும் தட்டுகளுக்குச் சூடேறாது என்பது அவர் கணக்கு.

தட்டுகளைப் பிளாஸ்ரிக் சொப்பிங் பைகளில் சுற்றி, றப்பர் வளையம் போட்டு, மேசையில் வைத்தார்.

"என்ன கட்டுறியள்?"

"பொம்பிளையையும் மாப்பிள்ளையையும்."

"எங்கை அனுப்பப் போறியள்?"

"ஐசுக்கை."

மக்டலீன் மறுபேச்சுப் பேசவில்லை. அவர் பேசாதிருந்தால்தான் பயப்பட வேண்டும் என்பது குருநகர் முழுவதற்கும் தெரியும், செபநாயகத்தைத் தவிர.

செபநாயகம் துறைக்குப் போய், மீன் ஏற்றும், சூடு புகாத றெஜிபோம் பெட்டி நிறைய நொறுக்கிய ஐஸ் கொண்டுவந்தார். ஒரு படை ஐஸ், ஒரு பொதி, மறுபடி ஒரு படை ஐஸ் என்று முறையாக அடுக்கினார். கைப் பழக்கத்தில் ஒரு பிடி உப்பும் தூவினார்.

பின்னேரம் மூடியைத் திறந்தார். ஐஸ் பாதி கரைந்திருந்தது. பொதிகள் உப்பி மிதந்தன. ஒன்றைத் தூக்கினார். பைக்குள்ளிருந்து வெள்ளை நுரை பொங்கி வழிந்தது.

லவீனாவின் முக்காடும் வெள்ளை.

"ஐயோ, முக்காடு கரைஞ்சு போச்சு!"

மக்டலீன் ஓடிவந்தார். "என்னப்பா நுரைக்குது?"

"கலியாணம்."

"சம்மாட்டியார் கேட்டால்?"

"என்னை வலையிலை சுத்திக் கடலிலை இறக்குவார்."

"அந்தோனியாரைக் கேளுங்கோ. துலைஞ்சதைத் தேடித் தாறவர் அவர்தானே."

"ஒரு கட்டு மெழுகுதிரி கொளுத்திறன்."

"மெழுகுதிரி, பூட்டின்ரை திறப்புத் துலைஞ்சால் கொளுத்திறது. துலைஞ்சது ஒரு கலியாணம். உங்களுக்கு ஆக விருப்பமான சாமானை நேத்தி வையுங்கோ."

செபநாயகம் சுற்றுமுற்றும் பார்த்தார். அவருக்கு ஆக விருப்பமான சாமான் மூலையில் நின்று, வேண்டாம் வேண்டாம் என்று இடமும் வலமும் தலையசைத்துக்கொண்டிருந்தது. அவர் சுவரிலிருந்த அந்தோனியார் படத்தின் முன் முழங்காலிட்டார்.

"அந்தோனியாரே, கலியாணம் திரும்பி வந்தால் உந்த ஃபானை மக்டலீன்ரை மிசினடியிலை வைச்சிடுறன். பேந்து தொடமாட்டன்."

"உயிர் இருக்குமட்டும் எண்டு சொல்லுங்கோ."

"உயிர்... இருக்குமட்டும்."

"ஆமென்" என்றார் மக்டலீன், சற்று விரைவாகவே. "பொதியைத் திறவாதேங்கோ. இஞ்சை வைச்சிட்டு, கோயிலிலை ஒரு செபமாலை சொல்லிப்போட்டு வாங்கோ."

அவர் திரும்பி வந்தபோது தையல் மேசையில் இரண்டு தட்டுகளும் இருந்தன. வெல்வெட் இல்லை, நுரை இல்லை, ஈரம் இல்லை. நான்கு நான்கு நூல்கட்டைகளின் மேல், கீழே காற்றுப் புகும்படி, குளிர்ந்து உட்கார்ந்திருந்தன.

"திறந்து பாத்தன். காஞ்சுதான் கிடந்தது" என்றார் மக்டலீன்.

செபநாயகம் தட்டுகளைக் கணினியோடு இணைத்தார். லவீனா காரிலிருந்து இறங்கினாள். விக்கவில்லை. முக்காட்டின் ஒரு நூல்கூடக் கரையவில்லை. கோயில் மணி அடித்தது, பூ விழுந்தது, சம்மாட்டியார் கண்ணைத் துடைத்தார். செபநாயகமும் துடைத்தார். தண்ணீரில் கரைந்த கலியாணம் தண்ணீரிலிருந்தே எழுந்து வந்ததை அவர் கண்ணால் கண்டுவிட்டார். வேலிக்கு மேலால் அடுத்த வீட்டுக் கத்தரீனாவைக் கூப்பிட்டுச் சொன்னார். கத்தரீனா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். பிறகு, நேர்ந்தபடி, செபநாயகம் மின்விசிறியைத் தம் கையாலேயே சுமந்து தையல் மிசினடியில் வைத்தார். காற்று மக்டலீனிலும் தட்டுகளிலும் ஒருசேரப் பட்டது.

நெற்றி வியர்வையைக் கழுவக் குழாயடிக்குப் போனார். அங்கே குளிக்கும் சோப்பு, இரண்டு சவுக்காரக் கட்டிகள், கிடந்தன. முனைகள் கரைந்து, உப்புப் படிந்து, ஐஸ்போலச் சில்லிட்டிருந்தன. ஒன்றில் அவருடைய றப்பர் வளையம் இன்னும் கழற்றப்படாமல் இருந்தது.

"மக்டலீன்! ஐசுக்கை கிடந்தது இதுவோ?"

"நீங்கள் துறைக்குப் போன நேரம் மாத்தி வைச்சனான்."

"அப்ப நேத்தி செல்லாது!"

"நேத்தி அந்தோனியாருக்கு வைச்சனீங்களோ, சவுக்காரத்துக்கு வைச்சனீங்களோ? கத்தரீனாவுக்கும் சொல்லிப்போட்டியள்."

செபநாயகம் மனைவியின் சிறிய தலையை, முதன்முதலில் வன்தட்டைப் பார்த்த அதே பிரமிப்போடு பார்த்தார். மக்டலீன் காற்றில் பறந்த சட்டைத் துணியைப் பிடித்து ஊசிக்குள் கொடுத்தபடியே சொன்னார்:

"முகத்தைக் கழுவுங்கோ. சவுக்காரம் நல்லாய்க் குளிர்ந்திருக்கும்."