என் கையால் கிண்டிய புளிக்காய்ச்சல்

ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி வாக்கில், இனிமேல் எங்கள் வீட்டுக்குள் பாக்கெட் சாப்பாடு நுழையக் கூடாது என்று நான் ஒரு சட்டம் போட்டேன். பதினொரு மணிக்கு அந்தச் சட்டம் என் மேலேயே பாய்ந்தது.

என் பெயர் ரெங்கராஜ். தில்லை நகரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். யாருக்குக் கிட்டப் பார்வை, யாருக்குத் தூரப் பார்வை என்று சோதித்துக் கண்ணாடி மாட்டி அனுப்புகிற தொழில். குடியிருப்பது ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தின் இரண்டாவது மாடியில். என் மனைவி ஆனந்தவள்ளியும் தில்லை நகரில்தான் வேலை பார்க்கிறாள், ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில். மற்றவர்களிடம் ஊசி குத்தித்தான் ரத்தம் எடுப்பாள். என்னிடம் அவளுக்கு ஊசி தேவைப்படுவதில்லை.

வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்காக அந்த லேப்பை ஆறரை மணிக்கே திறந்துவிடுவார்கள். ஆறு மணிக்கு முன்னாலேயே வள்ளி வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவாள். மகன் பெங்களூரில் இருக்கிறான். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். ஆகவே எங்கள் ஃபிரிட்ஜில் இட்லி மாவு பாக்கெட், பாதி வெந்த சப்பாத்தி பாக்கெட், அலமாரியில் சாம்பார் பொடி, ரசப் பொடி, வத்தக்குழம்பு மிக்ஸ் என்று ஒரு சின்னக் கடையே இருந்தது. மூன்று வருஷமாக அதையெல்லாம் சாப்பிட்டேன். இரண்டாம் முறை கேட்டு வாங்கியும் சாப்பிட்டேன். அதை இங்கே மறைத்துப் பிரயோஜனமில்லை.

கெடுத்தது தொட்டியம் பயணம். அங்கே என் அக்கா பவுனம்மாள் இருக்கிறாள். வாழைத் தோட்டம், இரண்டு மாடு, பெரிய அடுப்படி. நான் எப்போது போனாலும் வாழை இலை போட்டு புளியோதரை வைப்பாள். அந்தப் புளியோதரையை நான் சாப்பிட மாட்டேன், கும்பிடுவேன். ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பி வந்ததும் வள்ளியை உட்கார வைத்து அக்காவின் கைப்பக்குவத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவேன். அவளும் காயவைத்த துணியை மடித்துக்கொண்டே ஆமாம் ஆமாம் என்று கேட்பாள். அந்தச் சனிக்கிழமையும் தொட்டியம் போய் வந்திருந்தேன். மறுநாள் காலை தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தால் மாவு பாக்கெட் காற்றடைத்துப் பொம்மிக்கொண்டு என் முகத்துக்கு நேராக நிற்கிறது. என் வாய் சும்மா இருக்கவில்லை.

கடையில் விற்பது சாப்பாடே இல்லை, அது சாப்பாட்டின் போட்டோ என்று ஆரம்பித்தேன். அம்மியும் ஆட்டுக்கல்லும் இருந்த காலத்தில் யாருக்காவது மூட்டு வலி இருந்ததா என்று கேட்டேன். அக்காவைப் பார், அறுபது வயதில் நின்ற இடத்திலேயே புளி கரைத்து, வறுத்து, இடித்து, கிண்டுகிறாள் என்றேன். கடைசியாகச் சட்டத்தை வாசித்தேன். வள்ளி முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"சரிங்க. யாரு செய்யறது?"

நான் கொள்கையைப் பற்றித்தான் பேசுகிறேன் என்றேன்.

"கொள்கை நல்ல கொள்கைதாங்க. அடுப்புகிட்ட நிக்கப்போறது யாரு?"

பேச்சு வேகத்தில் இருக்கிற மனிதனிடம் இப்படிக் கேட்கக் கூடாது. "நானே நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். "சரிங்க" என்றாள். இருபத்தெட்டு வருஷத்தில் அவள் என்னிடம் இவ்வளவு சீக்கிரம் ஒரு விஷயத்துக்குச் சரி சொன்னதில்லை. அதிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். அதற்குள் அவள் போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டு, ஆடிப் பதினெட்டுக்கு உங்கள் தம்பி தன் கையாலேயே புளியோதரை செய்யப்போகிறார், அவசியம் வரணும் என்று அழைத்துவிட்டாள். அக்கா தன் மகள் ஜோதியையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னாள். ஜோதிக்கு அப்போது ஐந்தாவது மாதம். புளிப்பாக எது கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஐந்து வாரம் இருந்தது. ஐந்து வாரத்தில் ஒரு மனிதன் புளிக்காய்ச்சல் கற்றுக்கொள்ள முடியாதா என்று நினைத்தேன்.

முதல் ஞாயிறு வெந்தயத்தைக் கருக விட்டேன். வறுத்த மிளகாய் நெடி மாடிப்படி வழியாக இறங்கி முதல் மாடிக்கும் போய்ச் சேர்ந்தது. எதிர் வீட்டு ரிஃபானா துப்பட்டாவை மூக்கில் அழுத்திக்கொண்டு வந்து, ஏதாவது உதவி வேணுமா அண்ணே என்று கேட்டாள். அவள் பின்னால் அவள் மாமியார் ஒரு வாளித் தண்ணீரோடு நின்றார். அன்றைய புளியோதரை கஷாயம் போலக் கசந்தது. இரண்டாவது ஞாயிறு வெந்தயம் சரியாக வந்தது. ஆனால் புளியைக் கொட்டை எடுக்காமல் கரைத்திருந்தேன். வாய்க்கு இரண்டு கொட்டை வந்தது. மூன்றாவது ஞாயிறு உப்புப் போட்டேனா இல்லையா என்ற சந்தேகத்தில் மூன்று தடவை போட்டுவிட்டேன். இந்த மூன்றையும் வள்ளி முகம் சுளிக்காமல் சாப்பிட்டாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தண்ணீர் மட்டும் சொம்பு சொம்பாகக் குடித்தாள். குறை சொல்லியிருந்தால் சண்டை போட்டு ஜெயித்திருப்பேன். தண்ணீர் குடிக்கிறவளிடம் என்ன சண்டை போடுவது.

ஆடி பிறந்துவிட்டது. எனக்குப் பசியும் போய்விட்டது, தூக்கமும் போய்விட்டது. அந்த நேரத்தில்தான் என் கடைக்கு ஒரு அம்மாள் வந்தார். பெயர் தமிழ்மணி. வடக்குச் சித்திரை வீதியில் குடியிருக்கிறாராம். கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிகிறது, எள்ளில் கல் இருந்தால்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றார். எள்ளுக்கும் உங்களுக்கும் என்ன என்று கேட்டேன். வீட்டிலேயே புளிக்காய்ச்சல் கிண்டி பாட்டிலில் போட்டுத் தெரிந்தவர்களுக்குக் கொடுக்கிறாராம்.

நான் அவருடைய கண்ணைச் சோதிக்க வேண்டியவன். அதற்குப் பதிலாகக் கண்ணை மூடிக்கொண்டு கடவுளுக்கு நன்றி சொன்னேன். கண்ணாடி தயாரானதும் வாங்க வந்தவர் இரண்டு பாட்டில் கொண்டு வந்தார். ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தேன். அக்கா வீட்டு இலையில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. பாட்டில்களை ஃபிரேம் வைக்கிற அலமாரியில், குழந்தைகள் கண்ணாடிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

என் மனச்சாட்சி கொஞ்சம் பேசிப் பார்த்தது. பாக்கெட்தான் கூடாது என்று சட்டம் போட்டேன், பாட்டிலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று அதற்குப் பதில் சொன்னேன். அது அடங்கிவிட்டது.

ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள் மாலை, யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குக் கை ஓடாது என்று சொல்லி வள்ளியைக் கோயிலுக்கு அனுப்பினேன். ஜன்னலைத் திறந்து வைத்து நல்லெண்ணெயில் பெருங்காயத்தைப் பொரித்தேன், வாசனைக்கு. வாணலியில் கரண்டியை வைத்துப் பத்து நிமிஷம் சும்மா சுரண்டினேன், சத்தத்துக்கு. பிறகு இரண்டு பாட்டிலையும் கவிழ்த்துச் சூடு பண்ணினேன். நெற்றியில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொண்டேன். காலி பாட்டில்கள் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் போயின. வள்ளி திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே மூக்கை உறிஞ்சினாள்.

"வாசனை நல்லா வருதுங்க" என்றாள்.

மறுநாள் காவிரியில் இரு கரை தொட்டுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அம்மா மண்டபம் படித்துறையில் கால் வைக்க இடமில்லை. பூஜையெல்லாம் முடித்து, மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு, மேலே ஒரு அரச மர நிழலில் பாய் விரித்து உட்கார்ந்தோம். வள்ளி எலுமிச்சைச் சாதமும் தயிர்ச் சாதமும் செய்து கொண்டு வந்திருந்தாள். நடுவில் என் புளியோதரைத் தூக்கு, மாப்பிள்ளை மாதிரி.

அக்கா முதல் வாய் எடுத்து வைத்தாள். மெல்லுவதை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். வள்ளியைப் பார்த்தாள். மறுபடி மெல்ல ஆரம்பித்தாள். ஜோதி மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள். எள்ளு எப்போது போட்டாய் என்று அக்கா கேட்டாள். எண்ணெய் பிரியும்போது என்றேன். மல்லி எவ்வளவு என்றாள். மல்லிக்கெல்லாம் அளவு கிடையாது, கைதான் அளவு என்றேன். அதோடு நின்றிருக்கலாம். கரண்டியை வலது பக்கமாகவே சுற்ற வேண்டும், இடது பக்கம் ஒரு சுற்றுப் போனாலும் புளி கோபித்துக்கொள்ளும் என்று ஒரு ரகசியத்தையும் அங்கேயே கண்டுபிடித்துச் சொன்னேன். பக்கத்துப் பாயில் இருந்த ஒரு அம்மாள் அதைத் தன் மருமகளிடம் சொல்வது என் காதில் விழுந்தது. என் நெஞ்சு காவிரி மாதிரி நிறைந்திருந்தது.

அப்போதுதான் அக்கா சொன்னாள்.

"தம்பி, ஆவணியில ஜோதிக்கு வளைகாப்பு. இருநூறு பேர் வருவாங்க. புளியோதரை உன் பொறுப்பு. முதல் நாளே வந்துடு. நம்ம கொல்லையில பெரிய அடுப்பு மூட்டித் தரேன். சொந்தக்காரங்க எல்லாரும் சுத்தி உக்காந்து பாக்கட்டும்."

"அதுக்கென்ன அண்ணி, ரெண்டு நாள் முன்னாடியே அனுப்பி வெக்கிறேன்" என்றாள் வள்ளி.

இருநூறு பேருக்கு எத்தனை பாட்டில் கவிழ்ப்பது, அதையும் சொந்தக்காரர்கள் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது எப்படிக் கவிழ்ப்பது என்று யோசித்துப் பார்த்தேன். கடையில் வேலை அதிகம் என்றேன். வள்ளி இரண்டு நாள் லீவு போட்டுக் கடையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். எனக்கு இடுப்பு வலி என்றேன். ஸ்டூல் போட்டுத் தருகிறேன் மாமா என்றாள் ஜோதி. அவள் முகத்தைப் பார்த்தேன். பிள்ளைத்தாய்ச்சி. சந்தோஷமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் மேற்கொண்டு புளுக எனக்கு மனம் வரவில்லை.

"அக்கா, அது நான் செய்யல" என்றேன். "வெளியில வாங்கின பாட்டில்."

யாரும் அதிர்ச்சி அடையவில்லை. அக்கா கை கழுவ எழுந்தவள், என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நிமிர்ந்தாள்.

"தெரியும்டா. தமிழ்மணியோடதுதானே. ஒரு வாயிலயே தெரிஞ்சிடுச்சு. மூணு வருஷமா வீட்டுல அதைத்தானே சாப்பிடறேன்."

அக்கா நிதானமாக விளக்கினாள். மூன்று வருஷம் முன்னால் அவளுக்கு முழங்கால் போய்விட்டது. அடுப்புக்கு முன்னால் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் நிற்க முடியாது. அதை என்னிடம் சொல்ல வேண்டாம், மனசு கஷ்டப்படுவான் என்று வள்ளியிடம் சொல்லியிருக்கிறாள். அதிலிருந்து வள்ளி மாதம் இரண்டு பாட்டில் புளிக்காய்ச்சலைச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் கையில் கொடுத்துத் தொட்டியத்துக்கு அனுப்பி வைத்திருக்கிறாள். நான் தொட்டியம் போய் அந்தப் பாட்டிலைக் கும்பிட்டுவிட்டு, திரும்பி வந்து, அதை அனுப்பியவளை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பாடம் நடத்தியிருக்கிறேன். மூன்று வருஷமாக.

வள்ளியைப் பார்த்தேன். தயிர்ச் சாதத் தூக்கை மூடிக்கொண்டிருந்தாள்.

"ஏன் சொல்லல?"

"நீங்க அக்கா வீட்டுது நல்லா இருக்குன்னீங்க. நானும் ஆமாம்னேன். பொய் சொல்லலியே."

தமிழ்மணி அம்மாளை என் கடைக்கு அனுப்பியதும் அவள்தான். கண் தெரியவில்லை என்றார், வேறு எந்தக் கடைக்கு அனுப்புவது என்றாள். பாட்டில் விஷயத்தைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டு வரச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. சில பரிசோதனை ரிசல்ட்டுகளை வாங்காமலிருப்பது உடம்புக்கு நல்லது.

முதலில் சிரித்தது ஜோதி. அப்புறம் அக்கா. கோபித்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். சிரிப்பு முந்திக்கொண்டது. படித்துறை ஓரம் அக்காவைக் கைத்தாங்கலாக ஆட்டோ வரைக்கும் கூட்டிப் போனேன். அவள் இவ்வளவு மெதுவாக நடப்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். தில்லை நகரில் ஒரு முட்டி டாக்டரிடம் அடுத்த வாரமே காட்டுவது என்று ஆட்டோவில் வைத்து முடிவு செய்தோம்.

இருந்தாலும் மனதில் ஒரு குடைச்சல் இருந்தது. ஒரு தடவையாவது அதை உண்மையாகச் செய்துவிட வேண்டும். அடுத்த ஞாயிறு மறுபடி அடுப்பைப் பற்ற வைத்தேன். இந்த முறை வள்ளி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். செய்து கொடுக்கவில்லை. வெந்தயம் சிவந்ததும் "ம்" என்பாள், நான் அடுப்பை அணைப்பேன். புளி கொதிக்கும்போது "இன்னும் இல்லீங்க" என்பாள், நான் கிண்டுவேன். இடையில் லேப் கதையெல்லாம் சொன்னாள். ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்த போலீஸ்காரரைப் பற்றிச் சொன்னபோது நான் சிரித்த சிரிப்பில் கரண்டி இடது பக்கம்கூடச் சுற்றியது. புளி கோபித்துக்கொள்ளவில்லை. ஒன்றேகால் மணி நேரத்தில் எண்ணெய் ஓரமாகப் பிரிந்து மேலே வந்து மினுங்கியது. சாதத்தில் பிசைந்து அவளுக்கு முதலில் வைத்தேன். தண்ணீர் குடிக்காமல் சாப்பிட்டாள்.

ஜோதியின் வளைகாப்புக்கு இருநூறு பேருக்கும் சமையல்காரர்களே செய்தார்கள். நான் ஒரு சின்னத் தூக்கில் அவளுக்கு மட்டும் கொண்டு போனேன். கடைசிப் பருக்கை வரை வழித்துச் சாப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை புளிக்காய்ச்சல் அதன் பிறகு எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது. வாரத்தின் மற்ற நாட்களில் பாக்கெட் மாவுதான். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

போன வாரம் வள்ளி வேலையிலிருந்து வந்ததும், டப்பாவில் கொண்டு போன புளியோதரையை லேப்பில் எல்லாரும் பிடுங்கிச் சாப்பிட்டுவிட்டார்கள், டாக்டரம்மாகூட இன்னொரு தடவை கேட்டார்கள், இந்த ஞாயிறு அளவைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள் என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உன் வீட்டுக்காரர் செய்தது என்று சொன்னதும் டாக்டரம்மா என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"அவங்ககிட்ட நான் செஞ்சேன்னுல்ல சொல்லியிருக்கேன்" என்றாள் வள்ளி.