மூன்று தம்பிகள், நான்கு வெப்சைட்

சேத்தூர் அத்தைக்கு ப்ரியம்வதா எழுதிக்கொள்வது.

முதலில் எனக்கு ஒரு சத்தியம் வேண்டும், அத்தை. இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டக் கூடாது. மாமாவுக்கும் கூடாது. தம்பி மகள் கையெழுத்து எவ்வளவு அழகு பார் என்று பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோகவும் கூடாது. வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பேன், ஆனால் உங்கள் போனுக்கு என்ன வந்தாலும் மாமாதான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படி வாசிப்பார். அதனால் தாளில் எழுதி, என் வகுப்பு யுவராணியிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவள் தினமும் சேத்தூர் பஸ்ஸில்தான் போகிறாள். அதிரசப் பக்குவம் என்று சொல்லிக் கொடுப்பேன். அவளுக்குச் சமையலில் ஆர்வம் கிடையாது, பிரிக்க மாட்டாள்.

அப்பா, அம்மா, நான் எல்லோரும் பெருமாள் புண்ணியத்தில் சௌக்கியம். உங்கள் மூட்டுவலி பரவாயில்லையா? மற்ற விசாரிப்புகளைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன், விஷயம் அவசரம். கதவைத் தாழ் போட்டுவிட்டு, கெமிஸ்ட்ரி புத்தகத்துக்கு அடியில் தாளை வைத்து எழுதுகிறேன்.

உங்கள் மூன்று தம்பிகளும் சேர்ந்து போன வருஷம் பாட்டி பெயரில் 'நாராயணி சன்ஸ்' என்று என்னை ஒரு வெப்சைட் போடச் சொன்னது உங்களுக்குத் தெரியும். அப்பாவின் பேண்டேஜ் துணி, பெரியப்பாவின் ராஜபாளையம் நாய்க்குட்டிகள், ஸ்ரீவில்லிபுத்தூர் சித்தப்பாவின் பால்கோவா, மூன்றும் ஒரே இடத்தில். மேலே மூவரும் தோளில் கைபோட்டு நிற்கும் போட்டோ, நடுவில் நாய். நானும் பெருமையாகத்தான் போட்டேன். ஆனால் ஒரு பொருளுக்கு எழுதியதை நகல் எடுத்து அடுத்த பொருளுக்கு மாற்றும்போது, மாற்ற வேண்டியதில் பாதியை மறந்துவிட்டேன். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸம்மா போன் செய்து, "ஏழு நாளைக்குள்ள சாப்பிடவும்னு போட்டிருக்கீங்களே சார், இதக் காயத்துல கட்டணுமா, நோயாளிக்குக் குடுக்கணுமா?" என்று கேட்க, அப்பா போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். அதைத் திருத்துவதற்குள் அடுத்தது. வாங்கியவர்கள் எழுதும் கருத்துக்கு எல்லாவற்றுக்குமாக ஒரே இடம்தான் வைத்திருந்தேனா, பால்கோவா வாங்கிய ஒருவர் "பிள்ளைகள் ஒரே நாளில் தீர்த்துவிட்டார்கள், ரொம்ப மிருது, அடுத்த முறை இரண்டு கிலோ" என்று எழுதியது நேராக நாய்க்குட்டி படத்துக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டது. சென்னையிலிருந்து பிராணிகள் மேல் பிரியமுள்ள ஓர் அம்மாள் பெரியப்பாவைக் கூப்பிட்டு அழுதேவிட்டார்கள். பெரியப்பாவும் திரும்ப அழுதார்.

சரி, மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துவிடலாம் என்று நான்தான் வாயைத் திறந்தேன். புரட்டாசி சனிக்கிழமை நம் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைக் குன்றில் பெருமாளைச் சேவித்துவிட்டுப் படி இறங்கிக்கொண்டிருந்தோம். அப்பா அங்கேயே நின்றுவிட்டார். "பேண்டேஜ் வாங்க வாரவன் பால்கோவாவப் பாப்பான், பால்கோவா வாங்க வாரவன் நாயப் பாப்பான். ஒரு வாசல், மூணு யாவாரம். அதப் பிரிச்சா பொறவு என்ன மிஞ்சும்? இன்னைக்கு வெப்சைட்டப் பிரிப்பிய, நாளைக்குத் தீபாவளியப் பிரிப்பிய. ஆளுக்கொரு வீட்டுல ஒத்தையா ஒக்காந்து வெடி போடவா?" என்றார். பெரியப்பாவும் சித்தப்பாவும் கண்கலங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பின்னால் வந்தவர்கள், ஏதோ துக்கம் என்று நினைத்து எங்களுக்கு வழிவிட்டு ஒதுங்கிப் போனார்கள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன், அத்தை.

அடுத்த வாரமே சித்தப்பா பள்ளிக்கூட வாசலில் நிற்கிறார். "ப்ரியம், காயத்துக்குக் கட்டுற துணிக்குப் பக்கத்துல எம் பால்கோவாவப் போட்டா எவன்ம்மா வாயில வைப்பான்? எனக்கு மட்டும் தனியா ஒண்ணு போட்டுக் குடு. அண்ணமாருக்குத் தெரிய வேண்டாம், மனசு ஒடஞ்சிரும்" என்றார். போட்டுக் கொடுத்தேன். பிறகு பெரியப்பா. நாய்க்குட்டியைக் குளிப்பாட்ட ஆள் வேண்டும் என்று என்னை வரச்சொல்லி, பைப்பை வேகமாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள்ளே ரகசியம் பேசினார். "நாய்க்குப் பக்கத்துல பேண்டேஜு இருந்தா பாக்குறவன் என்ன நெனப்பான்? கடிச்சாக் கட்டுறதுக்குச் சேத்து விக்கிறானுகன்னுதான நெனப்பான்? எம்புட்டுக் கேவலம்! எனக்குத் தனியாப் போடுத்தா. ஒங்கப்பன்கிட்ட மூச்சு விட்றாத." அதையும் போட்டேன். மூன்றாவதாக யார் வந்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? அப்பாவேதான். என்னைப் புரோட்டா வாங்கித் தருகிறேன் என்று அழைத்துப்போய், இலையைப் பார்த்துக்கொண்டே, "ஆஸ்பத்திரியில பர்சேஸ் பாக்குறவரு என்னைய நாய்க்கார சார்னு கூப்பிடுதாரும்மா" என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை. நான் மறுக்கவில்லை. இரண்டு புரோட்டா சாப்பிட்டேன்.

ஆக, அத்தை, இப்போது நான்கு வெப்சைட் இருக்கின்றன. தோளில் கைபோட்ட போட்டோவோடு பழையது அப்படியே நிற்கிறது. தனித்தனியான மூன்றும் நன்றாக ஓடுகின்றன. நர்ஸம்மா துணி கேட்டால் துணி போகிறது, யாரும் யாரையும் தின்பதில்லை. அதிலும் பாருங்கள், ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் மற்ற இருவருக்கும் துரோகம் செய்துவிட்டதாக நினைத்து, மற்றவர்களிடம் பாசத்தைக் கொட்டுகிறார்கள்! சித்தப்பா காரணமே இல்லாமல் பால்கோவா கொடுத்தனுப்புகிறார். பெரியப்பா அப்பாவின் துணி பண்டல்களைத் தன் தோளில் தூக்கி வைக்கிறார். அப்பா, வாயிலிருந்து பாராட்டு விழுந்தே பார்த்திராத என் அப்பா, போன வாரம் ஒரு நாய்க்குட்டியின் காதைத் தடவி, "அண்ணே, என்ன லட்சணமா வளத்திருக்கீய!" என்றார். நம் வீட்டில் இவ்வளவு ஒற்றுமையை நான் பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னால், பயம் ஒரு பக்கம் இருந்தாலும் எனக்கு அது சந்தோஷமாகவே இருக்கிறது. வீட்டுக்குள் நடக்கும்போது எல்லோரும் மெதுவாகச் சிரித்துக்கொண்டே போகிறார்கள்.

எல்லாம் அந்தப் புதுக் குட்டியானை வண்டியால் கெடப்போகிறது. மூவரும் சேர்ந்து வாங்கியது, மூன்று சரக்கும் ஏற்றுவதற்கு. ஞாயிற்றுக்கிழமை பெயிண்டர் சிவபாண்டி வந்து எழுதப்போகிறார். இன்று சாயங்காலம் அவர் என்னைத் தெருமுனையில் நிறுத்தி, "பாப்பா, மூணு பேரும் தனித்தனியா வந்து மூணு வெப்சைட் அட்ரஸ் குடுத்திருக்காக. ஒங்கப்பா வலதுபக்கம் கீழ எழுதச் சொல்லுதாரு, சித்தப்பா இடதுபக்கம் கீழ, பெரியப்பா பின்னாடி நம்பர் பிளேட்டுக்கு அடியில. மூணு பேரும் ஒரே மாதிரிச் சொல்லுதாக, 'கூடப் பொறந்தவனுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதா எழுது, ஆனா கஸ்டமருக்குத் தெளிவாத் தெரியணும்'னு. இருவது வருசமா எழுதுதேன், அப்பேர்ப்பட்ட எழுத்து எங்கிட்ட இல்ல பாப்பா" என்றார். அவர் ஞாயிற்றுக்கிழமை மூவரையும் ஒன்றாக நிற்கவைத்துக் கேட்கப்போகிறாராம். கேட்டால் என்ன ஆகும்? படியில் கையைப் பிடித்துக் கண்கலங்கியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் எப்படிப் பார்ப்பார்கள்? தீபாவளிக்கு யார் யார் வீட்டுக்கு வருவார்கள்? மூன்றையும் போட்டுக் கொடுத்தது யார் என்று கேட்டால் மூன்று விரலும் என்னைத்தான் காட்டும்.

நீங்கள் ஒருவர்தான் காப்பாற்ற முடியும். அக்கா சொன்னால் அவர்கள் மூவரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். ஞாயிறு காலையிலேயே வந்து, புது வண்டியில் பெருமாள் நாமத்தைத் தவிர வேறு ஓர் எழுத்தும் கூடாது, கண்பட்டுவிடும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். சிவபாண்டிக்கும் நிம்மதி. நான் எழுதியதாக மட்டும் தெரியக் கூடாது.

மாமாவுக்கு என் நமஸ்காரம். மாடியில் காயும் உங்கள் வடகத்துக்குக் காக்கையால் தொந்தரவு இல்லாமல் இருக்கட்டும். உங்கள் இரண்டு கால்களையும் தொட்டு, வருகிற பரீட்சைக்கும் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்து ஆசீர்வாதம் கேட்டுக்கொள்ளும் உங்கள் அன்பு

ஐயோ கதவைத் தட்டுகிறார்க

பின்குறிப்பு: தட்டியது அம்மா. தாளை மறைப்பதற்குள் பார்த்துவிட்டாள். கட்டிலில் உட்கார்ந்து முழுவதும் படித்தாள். அழுவாள் என்று நினைத்தேன், தலையணையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "ஏட்டி, இத யாருக்கு எழுதியிருக்க? ஒங்க அத்தைக்கா? அவிய சொல்லித்தான்ட்டி மூணு பேரும் ஒங்கிட்ட வந்ததே! படியில அழுதுட்டு வந்த மறுநாளே தம்பிமாரு ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு, 'நீ தனியா வச்சுக்கோ, மத்த ரெண்டு பேருக்கும் சொல்லாத, புள்ளையப் புடி, அது போட்டுத் தரும்'னு சொன்னது யாருன்னு நெனச்ச?" என்றாள்.

அத்தை, நான் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, உங்களிடமிருந்து காப்பாற்றச் சொல்லி உங்களுக்கே எழுதியிருக்கிறேன். ஆகையால் மேலே உள்ள கண்ணீரை எல்லாம் அடித்துவிடுங்கள். வண்டிக்கு என்ன எழுதுவது என்பது இனி உங்கள் பாடு. ஞாயிற்றுக்கிழமை நான் யுவராணி வீட்டில் கெமிஸ்ட்ரி படிக்கப்போகிறேன்.

இன்னொன்று. அம்மா போகும்போது கதவை மறுபடி சாத்திவிட்டு வந்து, தான் தைக்கும் ஜாக்கெட்டுகளுக்குத் தனியாக ஒரு வெப்சைட் வேண்டும் என்று காதில் சொன்னாள். அப்பாவுக்குத் தெரிந்தாலும் பரவாயில்லையாம், அத்தைக்கு மட்டும் தெரியக் கூடாதாம்.