இரண்டு க்ளிப்பும் ஓர் அரிசி மூட்டையும்

திருமணமாகி இருபது வருடங்கள் ஓடிவிட்டால், கணவனும் மனைவியும் தனியாக இருக்கும்போது பேசுவதில் முக்கால்வாசி காஸ் சிலிண்டரையும் தண்ணீர் மோட்டாரையும் பற்றித்தான் இருக்கும். மீதி, சொந்தத்தில் யாருக்குப் புதிதாகச் சர்க்கரை வந்திருக்கிறது என்பது. அதைத் தாண்டி வேறு எதையாவது பேச ஆரம்பிக்கிற தம்பதி, ஒன்று, சண்டை போடுவார்கள், இல்லையென்றால் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

எனக்குச் சங்கராபுரத்தில் விதைக்கடை. மனைவி மலர்விழி பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். ஒரே பெண், சென்னையில் கல்லூரி விடுதியில் சேர்ந்துவிட்டாள். அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த பிறகு, வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் புதிதாகக் குடிவந்தவர்கள் போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். (அவள் தலையில் அவ்வளவு நரை இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. என் தொப்பையைப் பற்றி அவள் என்ன நினைத்தாளோ, சொல்லவில்லை. நல்ல மனுஷி.)

ஒரு விடுமுறை நாளில் பைக்கை எடுத்துக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போனோம். வெள்ளிமலைக்கு ஏறுகிற வழியில் ஒரு வளைவில் வண்டியை நிறுத்தி, கொண்டுபோன இட்லியைச் சாப்பிட்டோம். அங்கே போனில் டவர் கிடையாது. உரம் வந்துவிட்டதா என்று யாரும் கேட்க முடியாது. அந்தத் தைரியத்தில்தான் மலர் பேச்சை எடுத்திருக்க வேண்டும்.

“ஏங்க, ஒண்ணு கேக்கறேன். சிரிக்கக் கூடாது.”

“சொல்லு.”

போனில் ஒரு கட்டுரை படித்தாளாம். கணவன் மனைவிக்குள் செய்து பார்க்கிற ஒரு விஷயம். மார்க்காம்பில் சின்ன க்ளிப் மாட்டி, அதில் லேசான எடை ஒன்றைத் தொங்கவிடுவார்களாம். அந்த இழுப்பு சில பேருக்குச் சுகமாக இருக்குமாம். பெண்கள் மட்டுமில்லை, ஆண்களும் செய்துகொள்கிறார்களாம். இதையெல்லாம் அவள் என்னைப் பார்க்காமல், எதிரே இருந்த சாமைக் கொல்லையைப் பார்த்துச் சொன்னாள். காது மடல் சிவந்திருந்தது.

நான் சிரிக்கவில்லை. இருபது வருடத்தில் அவள் தனக்கு இது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டவை மிகக் குறைவு. இப்படி ஒன்றைக் கேட்க அவளுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும் என்று நினைத்தேன். உடனே வீரனாகிவிட்டேன்.

“முதல்ல எனக்கு மாட்டு. எனக்கு வலிச்சிதுன்னா உனக்கு வேணாம்” என்றேன்.

அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். அந்த இடத்தில் நான் வாயை மூடியிருந்தால் எல்லாம் நன்றாக முடிந்திருக்கும். “கடையில மூட்ட தூக்கற நெஞ்சு இது. இதுக்குப் போய் வலிக்குமா” என்று சேர்த்துச் சொன்னேன்.

மலர் டீச்சர் அல்லவா, விதிமுறைகளை மலையிலேயே வகுத்துவிட்டாள். யாருக்கு எந்த நேரத்தில் பிடிக்காமல் போனாலும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு ஒரு வார்த்தை வேண்டும். ‘வேணாம்’ என்பதை விளையாட்டாகவும் சொல்லிவிடுவோம் என்பதால், அந்த நேரத்தில் யாரும் சொல்லவே மாட்டாத வார்த்தையாக இருக்க வேண்டும் என்றாள். விதைக்கடைக்காரன் வாயில் வேறு என்ன வரும்? “உளுந்து” என்றேன். அப்படியே முடிவானது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை. அதற்கென்று விற்கிற சாமானை வாங்கலாம் என்றுதான் மலர் சொல்லியிருந்தாள். பார்சல் வந்தால் தெருவே என்னவென்று கேட்கும் என்று பயந்து நான் தடுத்துவிட்டேன். துணி காயப்போடுகிற பிளாஸ்டிக் க்ளிப் இரண்டு எடுத்தேன். அதுவும் புது க்ளிப். (ஸ்பிரிங் இன்னும் தளராமல், போர்வையையே காற்றில் பிடித்து நிறுத்துகிற க்ளிப்.) எடைக்கு, கடையில் சும்மா கிடந்த பழைய தராசின் ஐம்பது கிராம் எடைக்கல் இரண்டைக் கொண்டுவந்து, தனித்தனி நூலில் கட்டி வைத்திருந்தேன்.

மலர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். “இது ஜாஸ்திங்க. மொதல்ல எடையே இல்லாம க்ளிப்ப மட்டும் போட்டுப் பாப்போம்.”

“அம்பது கிராம் ஒரு எடையா? கத்திரி விதை பாக்கெட்டு.”

எனக்குக் கல்லோடேயே மாட்டினோம். முதலில் சுருக்கென்றது. பிறகு, பொய் சொல்வானேன், வித்தியாசமாகத்தான் இருந்தது. கல் தொங்கியதும் உடம்பு முழுக்க அந்த இரண்டு இடத்துக்குக் குடிபோய்விட்டது மாதிரி ஓர் உணர்வு. மலர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, “சரியா இருக்கா? எடுத்துடட்டுமா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். என்னை அவ்வளவு நேரம் அவ்வளவு கவனமாக யாரும் பார்த்ததில்லை.

அப்போதுதான் வாசலில் லோடு ஆட்டோ வந்து நின்றது.

“மாப்ள. வூட்ல யாரும் இல்லியா?”

என் மாமனார். களமருதூரிலிருந்து, அறுவடை அரிசியோடு. போன் செய்யாமல் வருவதைப் பாசத்தின் அடையாளமாக நினைக்கிறவர். மலர் புடவையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு ஓடினாள். நான் க்ளிப்பை எடுக்கப் பார்த்தேன். அவசரத்தில் விரல் தவறி, க்ளிப்போடு சேர்த்துக் கல்லையும் ஆட்டிவிட, கண்ணில் பூச்சி பறந்தது. அதற்குள் மாமனாரின் குரல் கூடத்துக்கே வந்துவிட்டது. இருக்கிறபடியே சட்டையைப் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

“வாங்க மாமா.”

“இன்னா மாப்ள, ஒடம்பு சரியில்லியா? ஒரு மாரியா கூனிக்கினு நடக்கறீங்க.”

“ஒண்ணுமில்ல மாமா, இப்பதான் எழுந்தேன்.”

“சித்த இந்த மூட்டயப் புடிங்க. டிரைவருக்கு இடுப்புப் புடிச்சிக்கினு கீது.”

மலர் நடுவில் புகுந்தாள். “நைனா, அவுரு வாணாம், நான் புடிக்கறேன்.”

“நீ இன்னாம்மா புடிக்கறது, இருபத்தஞ்சு கிலோ. ஆம்பள நிக்கறப்போ.”

ஆம்பள நின்றுகொண்டுதான் இருந்தேன். மாமனார் ஆட்டோவிலிருந்து மூட்டையைத் தள்ள, நான் அதை நெஞ்சோடு அணைத்து வாங்கினேன். பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியவில்லை. மூட்டை சரிந்தது, சரிந்த மூட்டை வலது பக்கத்துக் கல்லைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனது, கல் க்ளிப்பைக் கூட்டிக்கொண்டு போனது. க்ளிப் மட்டும் தனியாகப் போக மனமில்லாமல் கடைசிவரை என்னைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் விட்டது. நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கோழிகள் ஓலைக் கூரை மேல் ஏறின.

மூட்டையை விட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். வாயில் வந்தது ஒரே வார்த்தை. “உளுந்து. மலரு, உளுந்து.”

“உளுந்தூர்பேட்ட ஆஸ்பத்திரி வாணாம் மாப்ள” என்றார் மாமனார், நடுங்குகிற குரலில். “கள்ளக்குறிச்சிக்கே பூடலாம்.”

“நைனா, அவுருக்கு ஒண்ணும் இல்ல, கொஞ்ச நேரத்துல சரியாயிடும்.”

“நீ சும்மா இரு. எந்தம்பியும் இப்பிடித்தான். வாயுவுன்னு சொல்லிக்கினு, சோடா குட்ச்சிட்டுப் படுத்தான். எழுந்துக்கவே இல்ல.”

மலர் உள்ளே போய்த் துண்டை எடுத்துவந்தாள். அந்தச் சித்தப்பா செத்த கதை எங்களுக்குத் தெரியும். மாமனார் முகத்தில் வழிந்தது வியர்வையா கண்ணீரா என்று தெரியாத அந்த நிலையில், ‘இது க்ளிப்’ என்று எந்த வாயால் சொல்வது?

என்னை லோடு ஆட்டோவில், மிச்ச அரிசி மூட்டைகளின் மேலேயே படுக்க வைத்தார்கள். மாமனார் முன்னால் டிரைவர் பக்கத்தில். மலர் என் தலைமாட்டில். இடது பக்கத்து க்ளிப்பும் கல்லும் இன்னும் அதன் இடத்திலேயே இருந்தன. கள்ளக்குறிச்சி ரோட்டின் ஒவ்வொரு பள்ளத்தையும் அந்தக் கல் எனக்குத் தனித்தனியாக அறிமுகம் செய்துவைத்தது.

மலர் துண்டை என் மேல் போர்த்தி, நெஞ்சைத் தடவிக்கொடுப்பவள் போலக் கையை உள்ளே விட்டாள். முதலில் கல்லை உள்ளங்கையில் ஏந்தி இழுப்பை நிறுத்தினாள். பிறகு க்ளிப்பைத் துளித்துளியாகத் திறந்தாள்.

“எடுக்கும்போதுதாங்க வலி ஜாஸ்தி. மூச்ச மெதுவா விடுங்க” என்று காதோடு சொன்னாள். அவள் கண்ணில் நீர் முட்டியது. உதடு மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு துடித்தது. இரண்டையும் ஒரே முகத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

திரும்பிப் பார்த்த மாமனார், மகள் புருஷன் நெஞ்சைத் தடவுவதைக் கண்டு, “வேகமாப் போப்பா” என்று டிரைவரிடம் சொல்லித் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சுவலி என்றதுமே ஈசிஜி எடுக்கப் படுக்க வைத்தார்கள். அதை எடுத்தவர்களுக்குத் தெரியும், கையிலும் காலிலும் பெரிது பெரிதாக க்ளிப் மாட்டுவார்கள். நர்ஸ் அதைக் கையில் எடுத்ததும் நான் கட்டிலை விட்டு எழுந்துவிட்டேன். “ஈசிஜிக்கு இப்பிடிப் பயப்படற ஆள இப்பத்தான் பாக்கறேன்” என்றார் அவர்.

சட்டையைத் திறந்து பார்த்த டாக்டரம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். சிவந்து வீங்கியிருந்த இரண்டு இடத்தையும் பார்த்தார். ஒரு பக்கம் தோல் லேசாகக் கிழிந்திருந்தது. ஈசிஜி தாளைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். மாமனாரிடம், “ஐயா, இவருக்கு இருதயம் நல்லா இருக்கு. நீங்க போய் ஒரு டீ சாப்பிட்டு வாங்க” என்று அனுப்பிவைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“என்ன மாட்டினீங்க?”

நான் மின்விசிறியைப் பார்த்தேன். மலர்தான் சொன்னாள். க்ளிப், கல், மூட்டை எல்லாம். டாக்டரம்மா திட்டுவார் என்று காத்திருந்தோம். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“இதுல தப்பு ஒண்ணும் இல்லம்மா. ரெண்டு பேருக்கும் சம்மதம்னா அது உங்க விஷயம். ஆனா துணி க்ளிப் துணிக்குத்தான். அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி, முனையில ரப்பர் வச்சது விக்கிறாங்க. அத வாங்குங்க. மொதல்ல எடையே வேணாம். பழகினப்புறம் ரொம்ப லேசா, ஒரு சாவி கனத்துக்கு.”

“நானும் அதையேதான் சொன்னேன் டாக்டர்” என்றாள் மலர், என்னைப் பார்த்து.

“கால் மணி நேரத்துக்கு மேல வேணாம். ரத்த ஓட்டம் நின்னுடும். மரத்துப்போனாலோ, வெளுத்தாலோ, நீலமாத் தெரிஞ்சாலோ ஒடனே எடுத்துடணும். மாட்டிக்கிட்டு எழுந்து நடக்கவே கூடாது.” மருந்துச் சீட்டைக் கையில் எடுத்தார். “மூட்டை தூக்கறதப் பத்தி நான் தனியா சொல்ல வேணாம்னு நெனைக்கறேன்.”

அவ்வளவு நேரம் முகத்தைக் கல்லாக வைத்திருந்தவர், அந்த இடத்தில் மேஜை மேல் கவிழ்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. மலரும் சேர்ந்துகொண்டாள். நெஞ்சு வலிக்க வலிக்க நானும்.

களிம்பு எழுதிக்கொடுத்தார். புண் முழுசாக ஆறுகிறவரை அந்தப் பக்கமே போகக் கூடாது என்றார். கிளம்பும்போது, எதற்கும் பார்ப்போம் என்று இரத்த அழுத்தத்தை மறுபடி சோதித்தார். மிக அதிகமாக இருந்தது, சிரிப்பு நின்றுபோனது. அது வலியினால் வந்த அழுத்தம் இல்லை. ஒரு வாரம் கழித்து வரச்சொல்லிப் பார்த்தார், அப்போதும் இறங்கவில்லை. வெகுநாளாகவே இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. இப்படியே விட்டிருந்தால் நிஜமாகவே ஒருநாள் லோடு ஆட்டோவில் வந்திருப்பீர்கள் என்றார். அன்றிலிருந்து மாத்திரை சாப்பிடுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைக்கும்போதெல்லாம் கூச்சத்துக்கு முன்னால் நன்றிதான் வருகிறது. கேட்கத் துணிந்த மனைவிக்கு, முகம் சுளிக்காத டாக்டருக்கு, தம்பியைப் போல என்னையும் விட்டுவிடக் கூடாது என்று ஓடிய அந்த மனிதருக்கு.

சாமான் பிறகு பார்சலில் வந்தது. தெருவில் யாரும் எதுவும் கேட்கவில்லை. (பிடித்திருந்ததா என்று கேட்பீர்கள். அது இரண்டு பேர் விஷயம் என்று டாக்டரே சொல்லிவிட்டார்.)

அன்றைக்கு டீ குடித்துவிட்டு வந்த மாமனாரிடம் டாக்டரம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார். “தசைப் பிடிப்புதான். நெஞ்சுல பாரம் ஏத்தக் கூடாது.” அவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். குற்றவாளி தன் அரிசி மூட்டைதான் என்று இன்றுவரை நம்புகிறார். மச்சான்கள் எனக்குக் காபி கொடுக்கும்போது, “மாமா, டம்ளரத் தூக்கிக்குவீங்களா, புடிச்சிக்கட்டுமா?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. கூட்டமாக இருந்தால் ஒருவன் “உளுந்தூர்பேட்ட” என்பான், எல்லோரும் சிரிப்பார்கள்.

போன மாதம் கள்ளக்குறிச்சியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். வரிசைத் தட்டை எடுத்துவரச் சொல்லி யாரோ என் கையில் கொடுத்தார்கள். பழத்தட்டுதான். மாமனார் எங்கிருந்தோ பாய்ந்து வந்து பிடுங்கிக்கொண்டார்.

“மாப்ளைக்குக் குடுக்காதீங்க. நெஞ்சுல பாரமே ஏத்தக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிக்கீறாங்க.”

பக்கத்தில் பூ தொடுத்துக்கொண்டிருந்த மலர் தலையை நிமிர்த்தவேயில்லை.

“ஞாயித்துக்கெழமைல மட்டும் கொஞ்சமா ஏத்தலாம், நைனா” என்றாள்.

மாமனார் ஒரு நிமிடம் யோசித்தார்.

“டாக்டர் சொன்னா சரிதாம்மா” என்றார்.